பிஎஸ்ஏடி ஆங்கிலம்: 27-லிருந்து பின்னோக்கி வரணுமாம். யார் சொன்னது?

கணக்குப்பிள்ளை (பிளேனோ):
அமெரிக்காவில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அக்டோபர் பிஎஸ்ஏடி வருகிறது, எஸ்ஏடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு முன்னோட்டம், மொத்தம் 1520-க்கு. அதற்குள் ஒரு வாட்ஸாப் ஃபார்வர்ட்: "ரீடிங்-ரைட்டிங்கில் 27-ம் கேள்வியில் தொடங்கிப் பின்னோக்கி வரச் சொல்லுங்கள், 1450 நிச்சயம்." நம்ம எடிசன் முருகேசனும் இதையே "அக்டோபர் தயாரிப்பு" இழையில் போட்டு லைக் அள்ளியிருக்கிறார். தேர்வு நடக்கும் செயலியான புளூபுக்கை ஒரு தடவையாவது திறந்து பார்த்தவர் இதை எழுதுவாரா?

ஆங்கிலம் இரண்டு மாட்யூலாக, அதாவது இரண்டு பாகமாக வரும். ஒரு மாட்யூலில் 27 கேள்வி, 32 நிமிடம். ஒரு கேள்விக்கு 71 விநாடி. வரிசை மாறாது: முதலில் சொற்பொருள், பத்தியின் அமைப்பு, அடுத்து மையக் கருத்து, சான்று, ஊகம், பிறகு இலக்கணம், கடைசியில் இணைப்புச் சொல்லும் குறிப்புக் கேள்விகளும். ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் எளியது முன்னால், கடினம் பின்னால். 27-ல் தொடங்குகிற பிள்ளை எடுத்த எடுப்பிலேயே கடைசித் தொகுதியின் கடினமான கேள்வியில் போய் முட்டும். இதுவா உத்தி?

எடிசன் முருகேசன்:
வணக்கம் கணக்குப்பிள்ளை சார். என் பெயரைத் தலைப்பில் போடாமல் விட்டதற்கு நன்றி. இலக்கணம் படித்தால் வரும், வாசிப்பு மூன்று மாதத்தில் வராது. வருகிற மதிப்பெண்ணை முதலில் வாங்கிக்கொள் என்பதுதான் உத்தி. இலக்கணம் பின்பாதியில் இருக்கிறது, அதனால் பின்னாலிருந்து. இதில் என்ன தப்பு?

கணக்குப்பிள்ளை (பிளேனோ):
இலக்கணம் ஏறக்குறைய 15, 16-ல் தொடங்குகிறது. 27-ல் இல்லை. "இலக்கணத்திலிருந்து தொடங்கு" என்று எழுதியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். நீங்கள் எழுதியது 27.

சாரதா ஃப்ரீமாண்ட்:
ரெண்டு பேருமே முதல் நாலஞ்சு கேள்வியை மறந்துட்டீங்க. இடைவெளியில் சரியான சொல்லைப் போடுற கேள்விகள், பழகின பிள்ளை அரை நிமிஷத்துல முடிச்சிடும். அதை ஏன் கடைசிக்குத் தள்ளணும்? அதை முடி, அப்புறம் இலக்கணத்துக்குத் தாவு, 27 வரைக்கும் நேரா போ, மிச்ச நேரத்துல நடுவுல விட்ட வாசிப்புக்குத் திரும்பு. விட்டதுக்கெல்லாம் புக்மார்க் குறி போடச் சொல்லுங்க. மாட்யூல் 2 திறந்தாச்சுன்னா 1-க்குத் திரும்பவே முடியாது. தப்பான விடைக்கு மைனஸ் இல்ல, அதனால ஒரு கட்டமும் காலியா விடக்கூடாது. தாவுற பிள்ளைங்க அங்கதான் கோட்டை விடுது.

எடிசன் முருகேசன்:
பாருங்கள், சாரதா மேடமே இலக்கணத்துக்குத் தாவச் சொல்கிறார். நான் சொன்னதும் அதுதான்.

கணக்குப்பிள்ளை (பிளேனோ):
நீங்கள் சொன்னது 27. அந்த 27-ல் என்ன இருக்கிறது தெரியுமா? "ஒரு மாணவர் எடுத்த குறிப்புகள்" என்று நாலைந்து புள்ளிகள், கீழே "வேறுபாட்டை வலியுறுத்த எந்த வாக்கியம்?" என்ற கேள்வி. கேள்வியில் இருக்கும் நோக்கத்தை முதலில் படித்து, அதை நிறைவேற்றும் விடையைத் தேடினால் நாற்பது விநாடி. குறிப்பை வரிவரியாகப் படித்தால் ஒன்றரை நிமிடம். பழகாத பிள்ளை இரண்டாவதைத்தான் செய்யும். பதற்றத்தில் இருக்கிற பிள்ளைக்கு முதல் கேள்வியாக இதையா கொடுப்பார்கள்?

இலக்கணமும் நீங்கள் நினைப்பதுபோல "படித்தால் வரும்" சமாசாரம் இல்லை. பாதி நிறுத்தக்குறி. இரண்டு முழு வாக்கியங்களுக்கு நடுவே வெறும் காற்புள்ளி வராது என்று தெரிந்தால் ஒரு விடை போகும். முற்றுப்புள்ளி ஒரு விடையிலும் அரைப்புள்ளி இன்னொன்றிலும் அதே இடத்தில் வந்து, மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தால் இரண்டுமே தப்பு, ஏனென்றால் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்யும். ஃபார்வர்டில் இது ஒரு வரி உண்டா?

ஜெர்சி ராம்கி:
27-ம் கேள்வி மதிப்பெண்ணே இல்லாத கேள்வியாகவும் இருக்கலாம் 😂 மாட்யூலுக்கு இரண்டு கேள்வி சோதனைக்காக வைப்பது, கணக்கில் வராது. எது என்று யாருக்கும் தெரியாது. அதை வைத்துக்கொண்டு இவ்வளவு சண்டை.

உமா டீச்சர்:
ஒரு கேள்வி. "தயாரிப்பு" என்கிறீர்களே, இங்கே "தயார்" என்றால் என்ன? மதிப்பெண் அறிக்கையில் வரும் பச்சைக் கோடு, அதாவது பதினொன்றாம் வகுப்புக்கு ஆங்கிலத்தில் 460, கணக்கில் 510. பத்தாம் வகுப்புக்கு 430, 480. கல்லூரிக்குத் தயார் என்று தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு சொல்வது இதைத்தான். 400-ல் நிற்கும் பிள்ளைக்கு எங்கிருந்து தொடங்குவது என்பது பிரச்சினையே இல்லை. 25 முதல் 150 சொல் வரையான பத்தியை ஒரே மூச்சில் படித்து, ஒரே வரியில் திருப்பிச் சொல்ல வருகிறதா என்று பாருங்கள். அது வராமல் எந்த வரிசையில் போட்டும் பயனில்லை.

ஜெர்சி ராம்கி:
டீச்சர், இங்கே யாரும் 460-க்காகப் படிக்கவில்லை.

உமா டீச்சர்:
அதுதான் பிரச்சினை.

எடிசன் முருகேசன்:
பிஎஸ்ஏடி மதிப்பெண்ணை வைத்து நடக்கும் உதவித்தொகைப் போட்டியான நேஷனல் மெரிட்டைப் பற்றித்தான் பேசுகிறோம் மேடம். எங்கள் நியூஜெர்சி கட் ஆஃப், அதாவது அதற்குத் தகுதி பெற வேண்டிய எண், எவ்வளவு தெரியுமா? சில வருடங்களாக 220-க்கு மேலேயே நிற்கிறது. பிளேனோவிலிருந்து டெக்சாஸ்காரர்கள் எங்களுக்கு உத்தி சொல்லித் தர வேண்டாம்.

கணக்குப்பிள்ளை (பிளேனோ):
அட, மாநிலச் சண்டைக்கு வந்துவிட்டாரா! சரி, 220 எப்படி வருகிறது என்றாவது தெரியுமா? ஆங்கில மதிப்பெண்ணை இரண்டால் பெருக்கி, கணக்கைக் கூட்டி, பத்தால் வகுக்க வேண்டும். ஆங்கிலம் 700, கணக்கு 760 என்றால் 216. ஆங்கிலம் 740, கணக்கு 720 என்றால் 220. இரண்டுக்கும் மொத்தம் 1460தான். உங்கள் ஃபார்வர்டின் "1450 நிச்சயம்" இங்கே எதற்கு உதவும்? ஆங்கிலத்துக்கு இரட்டை எடை இருக்கும்போது, அதே ஆங்கிலத்தில் 27-லிருந்து பின்னோக்கி வரச் சொல்கிறீர்கள்!

ஜெர்சி ராம்கி:
அதற்காகக் கணக்கை அலட்சியம் பண்ண முடியாது. மாட்யூலுக்கு 22 கேள்வி, 35 நிமிடம். முதல் மாட்யூலில் சறுக்கினால் இரண்டாவது எளிய மாட்யூலாக வரும், அங்கே எல்லாம் சரியாகப் போட்டாலும் உச்சி கிடைக்காது. நம்ம பிள்ளைகளுக்குத் தேர்வுத் திரையிலேயே டெஸ்மாஸ் வரைபடக் கால்குலேட்டர் இருக்கு, கவலை இல்லை.

சாரதா ஃப்ரீமாண்ட்:
டெஸ்மாஸ் இருக்குன்னு சொல்றவங்கதான் அதிகமா மாட்டுறாங்க. 2எக்ஸ்² − 12எக்ஸ் + சி = 0, ஒரே ஒரு தீர்வு, சி என்ன? இடது பக்கத்தை அப்படியே அடிச்சா சி-யோட மதிப்பை மாத்த ஒரு ஸ்லைடர், நகர்த்துற பட்டை, வரும். அது −10-லிருந்து 10 வரைக்கும்தான் நகரும். கடைசி வரை தள்ளினாலும் வளைகோடு அச்சை ரெண்டு இடத்துல வெட்டும். விடை 18. ஸ்லைடர் எல்லையை மாத்தணும்னு தெரியாத பிள்ளை ரெண்டு நிமிஷம் அதையே இழுத்துக்கிட்டு இருக்கும். ஒரே தீர்வுன்னா பி² − 4ஏசி பூஜ்யம், அதாவது 144 − 8சி = 0-ன்னு கையில போட்டா பத்து விநாடி.

அப்புறம் விடையைத் தட்டச்சு செய்யுற கேள்விகள், கணக்குல கால்வாசி அதுதான். மூணில் ரெண்டுக்கு 0.66 போட்டா தப்பு. 2/3 இல்லன்னா 0.667 போடணும். மூணரையை 3 1/2-ன்னு அடிச்சா 31/2-ன்னு எடுத்துக்கும், 7/2 அல்லது 3.5 போடணும்.

எடிசன் முருகேசன்:
இதெல்லாம் கோச்சிங்கில் சொல்லிக்கொடுப்பார்கள். இழை ஆங்கிலத்தைப் பற்றியது.

சாரதா ஃப்ரீமாண்ட்:
எந்த கோச்சிங், 27 சொல்லிக்கொடுத்ததா?

எடிசன் முருகேசன்:
மேடம், போன மாதம் கால்குலேட்டர் இழையிலும் நீங்கள் இப்படித்தான் நுழைந்தீர்கள்.

புதுசு_ஆஸ்டின்:
மன்னிக்கவும், இடையில் ஒரு சந்தேகம். மகள் எட்டாம் வகுப்பு. இப்போதே நேஷனல் மெரிட் வகுப்பில் சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்க்கலாமா?

கணக்குப்பிள்ளை (பிளேனோ):
வேண்டாம். நேஷனல் மெரிட்டுக்குப் பதினொன்றாம் வகுப்பு அக்டோபரில் எழுதும் தேர்வு மட்டுமே. எட்டில் எழுதுவது பிஎஸ்ஏடி 8/9, அதன் உச்சமே 1440, இதன் உச்சம் 1520. பணத்தை மிச்சம் பிடித்து நூலக அட்டை வாங்கிக் கொடுங்கள், அது இலவசம். காலேஜ் போர்டு கேள்வி வங்கியும் இலவசம். அதில் கேள்வி எடுக்கும்போது, புளூபுக் மாதிரித் தேர்வுகளில் வருகிற கேள்விகளை விலக்கும் கட்டத்தை டிக் செய்ய மறக்காதீர்கள். இல்லாவிட்டால் மாதிரித் தேர்வில் பார்த்த கேள்வியே வந்து மதிப்பெண் பொய்யாக ஏறும். அப்புறம் இங்கே வந்து "என் உத்தி வேலை செய்தது" என்று 27 பாட்டு பாடுவார்கள்.

எடிசன் முருகேசன்:
எட்டாம் வகுப்பிலேயே தொடங்குவதில் என்ன தப்பு? ஸ்பெல்லிங் பீ எழுத்துக்கூட்டல் போட்டிக்கு மூன்றாம் வகுப்பிலேயே தொடங்குகிறார்களே.

உமா டீச்சர்:
ஸ்பெல்லிங் பீ சொல் வேறு, இந்தத் தேர்வின் சொல் வேறு. இங்கே அரிய சொல் கேட்பதில்லை. பழகிய சொல்லை அந்த வாக்கியத்தில் வேறு பொருளில் கேட்பார்கள். பட்டியல் மனப்பாடம் செய்த பிள்ளை முதல் பொருளைத் தேர்ந்தெடுத்துத் தவறும்.

ஜெர்சி ராம்கி:
டீச்சர் சொல்வது சரி. ஆனால் பட்டியல் கூடவே கூடாது என்பது அதிகம்.

உமா டீச்சர்:
கூடவே கூடாது என்று நான் எங்கே சொன்னேன்?

எடிசன் முருகேசன்:
விடுங்கள். சரி, 27 வேண்டாம், 20-லிருந்து வரட்டும். இப்போது திருப்தியா?

கணக்குப்பிள்ளை (பிளேனோ):
20-லிருந்து முன்னோக்கியா, பின்னோக்கியா? அதைச் சொல்லுங்கள்.

எடிசன் முருகேசன்:
அது பிள்ளையைப் பொறுத்தது.

கணக்குப்பிள்ளை (பிளேனோ):
நேற்று ஃபார்வர்டில் "நிச்சயம்", இன்று "பிள்ளையைப் பொறுத்தது". இன்றிரவு புளூபுக்கில் ஒரு பிஎஸ்ஏடி மாதிரித் தேர்வைத் திறந்து, முதல் மாட்யூலில் நிறுத்தக்குறிக் கேள்வி எந்த எண்ணில் தொடங்குகிறது என்று இங்கே எழுதுங்கள். எண்ணை மட்டும்.

எடிசன் முருகேசன்:
எனக்கு வேறு வேலை இருக்கிறது சார். டெக்சாஸ் கட் ஆஃப் பற்றி நீங்களும் இன்னும் வாய் திறக்கவில்லை.