தகரத்தில் மழை விழுந்தால் அம்மா எழுந்துவிடுகிறார். காலை ஊன்றச் சொல்வது வைத்தியமா?

கேட்டவர்: கொழுந்துக்காரி மகள், பண்டாரவளைப் பக்கம்

அம்மாவுக்கு 52 வயது, 30 வருஷமாகத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். போன மழைக்காலத்தில் எங்கள் லயத்துக்கு (வரிசை வீடுகளுக்கு) பின்னால் இருந்த மண்மேடு சரிந்து கடைசி இரண்டு காம்பராவை (அறையை) மூடியது. உயிர்ச்சேதம் இல்லை. விறகு எடுக்கப் போன அம்மா மட்டும் முழங்கால்வரை சேற்றில் மாட்டிக்கொண்டார். ஆட்கள் இழுத்து எடுத்தார்கள். பெரிய காயம் ஒன்றுமில்லை.

அன்றிலிருந்து ராத்திரியில் தகரத்தில் நாலு துளி விழுந்தாலே எழுந்து இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், போய் நிற்கிறார். நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது. கேட்டால் "ஒண்ணுமில்ல, நீ படு" என்பார். ஈசிஜி எடுத்தோம், கோளாறு இல்லை. மாமா கயிறு மந்திரித்துக் கட்டிவிட்டார். கயிறு கையில் இருக்கிறது, தூக்கத்தைத்தான் காணோம்.

இப்போது உளவளத்துணை (கவுன்சலிங்) பார்க்கும் ஒரு மிஸ்ஸிடம் போகிறோம். மூன்று தடவை ஆகிவிட்டது, அன்றைக்கு என்ன நடந்தது என்று அவர் இன்னும் கேட்கவே இல்லை! முதல் நாள் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னார். அம்மா மூச்சு முட்டி வெளியே ஓடி வந்துவிட்டார். அடுத்த தடவை மிஸ் அந்தப் பக்கமே போகவில்லை. "கண்ணத் தொறந்தே வைங்கம்மா. கதவு எங்க இருக்குன்னு பாருங்க" என்றார். அம்மா கதவைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தால் தரையை மெதுவாக அழுத்தச் சொன்னார்.

அப்போதுதான் நானும் கவனித்தேன். அம்மாவின் பத்து கால்விரலும் மடங்கித் தரையைக் கவ்விக்கொண்டிருந்தன. மழையில் வழுக்கும் மலையில் கூடையோடு நிற்கும்போது கவ்வுகிற மாதிரி. சிமெந்துத் தரையில், நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு.

ஒரு தடவை போய்வந்தால் அம்மாவுக்கு ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகிறது. மாமா "காலை அமுக்க காசா?" என்கிறார். தொடர்ந்து போகலாமா?

பதில்: ஓய்வுபெற்ற தாதி

மகள், போங்க. அந்த மிஸ்ஸுக்கு வேலை தெரிகிறது. கண்ணை மூடுவது எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது. பயந்த ஆளுக்கு உள்ளே பார்ப்பதே இருட்டுக்குள் போவது மாதிரி. அதனால்தான் கதவையும் ஜன்னலையும் காட்டினார். 'இப்போது எதுவும் சரியவில்லை, வெளியே போக வழி இருக்கிறது' என்று கண் வழியாக உடம்புக்குத் தெரியட்டும் என்று.

பீட்டர் லெவின் என்ற அமெரிக்கர் இந்த மாதிரி ஒரு முறைக்கு சோமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங் என்று பெயர் வைத்தார். ஓட முடியாமல் போன உடம்பில் அந்த ஓட்டம் முடியாமலே நிற்கிறது, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும் என்பது அவர் கருத்து. உங்கள் அம்மா சேற்றில் கால் மாட்டி நின்றவர். விரல் கவ்வுவதில் எனக்கு ஆச்சரியமில்லை.

ஒன்றையும் மறைக்கவில்லை: இந்த முறைக்கு ஆராய்ச்சிச் சான்று குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2013இல் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்தவற்றில் அதிர்ச்சியை மையமாக வைத்த சிபிடியும் (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் பேச்சுச் சிகிச்சை) ஈஎம்டிஆரும் (கண்ணை அசைத்தபடி நினைவைப் பார்க்கும் சிகிச்சை) இருக்கின்றன, இது இல்லை. கொஞ்ச நாள் போனபிறகு அவற்றைப் பற்றி மிஸ்ஸிடம் கேளுங்கள், தப்பில்லை. வீட்டில் மூச்சை விடும்போது மட்டும் இழுப்பதைவிட நீளமாக விடச் சொல்லுங்கள். வெளிமூச்சில் இதயத்துடிப்பு இறங்கும். கண் திறந்தே இருக்கட்டும்.

பதில்: கொஸ்லந்தை அக்கா

"என்ன நடந்தது" என்று கேட்கவில்லை என்று குறைப்படாதீங்க தங்கச்சி. 2014 அக்டோபர் 29 எங்கள் பக்கத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்தபிறகு, பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்களுக்குச் சாப்பாடு கொண்டு போனேன். வருகிறவர் எல்லாரும் கொப்பியை விரித்து அதையே கேட்டார்கள். ஒரு பாட்டி ஒவ்வொருவருக்கும் சொன்னார், ராத்திரி முழுக்க நடுங்கினார். நாங்கள் குளிர் என்று நினைத்துப் போர்வை போர்த்தினோம்.

பதில்: தகரக்கூரை

எல்லாம் சரி. அந்த மண்மேடு இப்பவும் அங்கேயேதானே இருக்கு? அப்படியென்றால் அம்மாவின் பயத்தில் பாதி நியாயம். மண்சரிவு ஆபத்தைப் பார்க்கிற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்குச் சொல்லிப் பார்க்கச் செய்தீர்களா? சுவரில் வெடிப்பு, மரம் சாய்ந்திருப்பது, புதிதாகச் சேற்று ஊற்று, இதையெல்லாம் கவனியுங்கள். மனது தாங்காத ராத்திரியில் 1926க்கு அழைக்கலாம், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம்.

கேட்டவர்: கொழுந்துக்காரி மகள்

அண்ணே, மிஸ்ஸும் அதைத்தான் முதலில் கேட்டார். கிராம சேவகரிடம் கடிதம் கொடுத்திருக்கிறோம். இப்போதைக்குப் பின் காம்பராவில் யாரும் படுப்பதில்லை.

நேற்று ராத்திரி மழை. அம்மா எழுந்து இஸ்தோப்புக்குப் போனார், நானும் பின்னால் போனேன். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு, ஒரு காலை அழுத்தி மறு காலை அழுத்தி நின்றார். "சிமெந்து ஜில்லுன்னு இருக்கு" என்றார். அந்தச் சரிவுக்குப் பிறகு மழை நேரத்தில் "ஒண்ணுமில்ல, நீ படு" தவிர அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான். கொஞ்ச நேரம் கழித்து வந்து படுத்துவிட்டார். நான் விடியும்வரை விழித்திருந்தேன்.

வியாழக்கிழமை மறுபடி போகிறோம். மாமாவும் வருகிறாராம், பார்க்க.