உதவி தேவை: ஆல்பத்தில் ஒட்டிய 1910 காலத்து பேஸ்பால் அட்டைகள், ஒன்றில் ‘வாக்னர்’ என்று பெயர்

ராச்செஸ்டர்வாசி:

வணக்கம். நியூயார்க் மாநிலத்தில் ராச்செஸ்டரில் இருக்கிறேன். கிரிக்கெட் தெரியும், பேஸ்பாலில் பூஜ்யம். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு 88 வயது. வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய் இருக்கப் போகிறார். பரணைக் காலி செய்ய உதவப் போனேன். கறுப்புத் துணி அட்டை போட்ட ஓர் ஆல்பத்தை என் கையில் கொடுத்து, குப்பையில் போடலாமா என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டார். அவருடைய மாமனார் பத்து வயதுப் பையனாக இருந்தபோது ஒட்டிவைத்ததாம்.

உள்ளே 62 அட்டைகள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியவை. சுற்றிலும் வெள்ளை ஓரம், நடுவே வண்ணப்படம், அடியில் பழுப்பு எழுத்தில் ஆட்டக்காரரின் பெயரும் ஊரும். எல்லாம் பசை தடவி ஒட்டியவை. சில பக்கங்களை இராமபாணப் பூச்சி சல்லடையாக்கியிருக்கிறது. பக்க ஓரங்களில் பையன் ஊதா மையில் குறிப்பு எழுதியிருக்கிறான்.

இனி நான் செய்த மடத்தனம். பின்பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசையில், ஓர் அட்டையின் அடியில் சமையலறைக் கத்தியை நுழைத்துக் கிளப்பினேன். முன்பக்கம் கையோடு வந்தது. பின்பக்கத் தோல் பாதி ஆல்பத்திலேயே தங்கிவிட்டது. அதற்குப் பிறகு எதையும் தொடவில்லை.

ஆறாவது பக்கத்தில் ஓர் அட்டையில் ‘வாக்னர்’ என்று இருக்கிறது. இணையத்தில் தேடினால் வாக்னர் அட்டைக்கு லட்சக்கணக்கில் டாலர் என்கிறார்கள். நேற்று இரவு தூக்கமே இல்லை. பாட்டியிடம் இன்னும் சொல்லவில்லை. இங்குள்ள ஒரு கார்டு கடையில் ஆல்பத்தைக் காட்டியபோது மொத்தத்துக்கும் 300 டாலர் தருவதாகச் சொன்னார்கள். என்ன செய்வது?

ஜெர்சி அட்டைக்காரர்:

தம்பி, கத்தியை எடுத்த இடத்திலேயே வையுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

உங்களிடம் இருப்பவை டி206 என்று அழைக்கப்படும் அட்டைகள். 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி தன் சிகரெட் பெட்டிகளில் வைத்துக் கொடுத்தவை. சிகரெட் பெரியவர்களுக்கு, அட்டை கடை வாசலில் காத்து நின்ற பையன்களுக்கு. அளவு ஏறத்தாழ 3.6 × 6.7 செ.மீ. இருக்க வேண்டும், அளந்து பாருங்கள். டி206 என்ற எண்ணைக் கொடுத்தவர் ஜெஃபர்சன் பர்டிக் என்ற சேகரிப்பாளர். உங்களுக்குப் பக்கத்து ஊரான சிரக்யூஸ்காரர்தான். அட்டை, விளம்பரம் என மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுத் துணுக்குகளை நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்து, மூட்டுவலியோடு அங்கேயே உட்கார்ந்து ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் வேலை முடிந்தது, மார்ச்சில் காலமானார். ஆகவே ஒட்டிய குற்றத்துக்காக அந்தப் பையனைத் திட்டாதீர்கள். இந்தத் துறையின் பிதாமகரே ஒட்டினவர்தான்.

இப்போது ஒரே கேள்வி. வாக்னர் என்ற பெயருக்குப் பக்கத்தில் எந்த ஊர் இருக்கிறது?

ராச்செஸ்டர்வாசி:

அளந்தேன், சரியாக இருக்கிறது. ஊர்... பாஸ்டன்.

ஜெர்சி அட்டைக்காரர்:

இன்று இரவு தூங்குங்கள். அவர் ஹைனி வாக்னர். பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்கு ஷார்ட்ஸ்டாப் என்ற தடுப்பாளர் இடத்தில் ஆடியவர். நல்ல ஆட்டக்காரர், ஆனால் அவர் அந்த வாக்னர் அல்லர். லட்சங்களுக்குப் போவது ஹோனஸ் வாக்னர். ஆரஞ்சுப் பின்னணியில் மார்பளவுப் படம், அடியில் பிட்ஸ்பர்க். அதில் ஊர்ப்பெயரைக் கடைசி ‘எச்’ எழுத்து இல்லாமல் அச்சிட்டிருப்பார்கள். பிழையன்று, 1891 முதல் 1911 வரை அரசு அந்த ஊரை அப்படித்தான் எழுதச் சொன்னது. ஹோனஸ் தன் படத்தைப் போடக் கூடாது என்று மறுத்ததால் அச்சிடுவதை நிறுத்தினார்கள். சிறுவர்கள் புகையிலை வாங்கக் கூடாது என்பதற்காகவா, பணம் தராததாலா என்று இன்றும் சண்டை போடுகிறோம். எஞ்சியவை அறுபதை ஒட்டித்தான். 2022 ஆகஸ்டில் ஒன்று 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. போலிகளோ பல்லாயிரம், பொட்டிக்கடையில் மிட்டாய் மாதிரி கிடைக்கும்.

ஏமாற்றம்தான். ஆனால் ஆல்பத்தில் வேறு யார் யார் இருக்கிறார்கள்? காப், மாத்யூசன், வால்டர் ஜான்சன், சை யங், அந்தக் காலத்து நட்சத்திரங்களான இவர்கள் பெயர்கள் இருக்கின்றனவா?

ராச்செஸ்டர்வாசி:

மாத்யூசன் ஒன்று. காப் ஒன்று, சிவப்புப் பின்னணி. மற்றவை நான் கேள்விப்படாத பெயர்கள். அதற்கென்ன, மாத்யூசனையும் இன்றுதான் கேள்விப்படுகிறேன்.

ஜெர்சி அட்டைக்காரர்:

அந்த 300 டாலரை மறந்துவிடுங்கள். டை காப் நான்கு விதமாக வந்திருக்கிறார். சிவப்புப் பின்னணிதான் அவற்றில் அதிகம் கிடைப்பது. அப்படியிருந்தும், முனை மழுங்கிக் கசங்கிய சிவப்புக் காப்கூட நான் பார்த்தவரை ஆயிரம் டாலரை ஒட்டிப் போகிறது. பெயர் தெரியாத ஆட்டக்காரர்கள் மோசமான நிலையிலும் தலைக்கு 30, 40 டாலர் பெறுவார்கள். கடைக்காரர் ஏமாற்றினார் என்றும் சொல்ல மாட்டேன். பின்பக்கம் தெரியாத அட்டையை வாங்குவது பூனையைச் சாக்குக்குள் வைத்து வாங்குவது மாதிரி. அந்த அபாயத்தை விலையில் கழித்துக்கொண்டார். கொஞ்சம் தாராளமாகவே கழித்துக்கொண்டார்.

டி206 விஷயத்தில் முகம் பாதி, முதுகு பாதி. ஒரே ஆட்டக்காரர், ஒரே படம். ஆனால் பின்பக்கத்தில் எந்தச் சிகரெட்டின் விளம்பரம் என்பதைப் பொறுத்து விலை பத்து மடங்குகூட மாறும். நீல எழுத்தில் பீட்மாண்ட், சிவப்பு எழுத்தில் ஸ்வீட் கேபரல் என்றால் சாதாரணம். சைக்கிள், டோல்ஸ்டாய் என்றால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். டிரம், யூஸிட், லெனாக்ஸ் என்றால் என்னைத் தொலைபேசியில் எழுப்பலாம். சிவப்புக் காப் அட்டைக்கு மட்டும் இன்னொன்று உண்டு: அவர் பெயரிலேயே வந்த புகையிலையின் விளம்பரத்தைப் பின்னால் தாங்கியது. அறியப்பட்டவை மிகச் சொற்பம். 2016இல் தெற்கே ஒரு குடும்பம் பழைய வீட்டைக் காலி செய்தபோது, கிழிந்த காகிதப் பையின் அடியில் அப்படிப்பட்ட ஏழு அட்டைகள் ஒன்றாகக் கிடைத்தன. குப்பைக்குப் போயிருக்க வேண்டிய பை.

கோந்துப்பாட்டில்:

பிரிப்பதைப் பற்றிச் சொல்கிறேன். சிறுவயதில் கடித உறையிலிருந்து தபால்தலையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்திருப்பீர்கள். அதே வித்தைதான், பொறுமை மட்டும் பத்து மடங்கு.

அந்தக் காலத்துப் பையன் பெரும்பாலும் மாவுப் பசையைத்தான் தடவியிருப்பான். நம் ஊரில் சுவரொட்டிக்குக் காய்ச்சும் மைதாப் பசையின் உறவினர். இராமபாணம் வந்திருப்பதே அதற்குச் சாட்சி. அது மாவைத் தேடித்தான் வரும். மாவுப் பசை தண்ணீரில் இளகும். டி206 கல்லச்சில் எண்ணெய் மையால் அச்சானது, அது கரையாது. ஆனால் நீங்கள் சொன்ன ஊதா மை கரையும். பக்கம் முழுவதையும் முக்கினால் அட்டைகள் கத்தரிக்காய் நிறமாகிவிடும். ஒவ்வொரு பக்கத்தையும் முதலில் படம் எடுங்கள். பாட்டியிடம் அனுமதி கேட்டு, எழுத்துள்ள பகுதியை ஒதுக்கிவிட்டு, அட்டையைச் சுற்றி ஒரு விரல் அகலம் தாள் விட்டு வெட்டுங்கள்.

கண்ணாடித் தட்டில் காய்ச்சி வடித்த (டிஸ்டில்டு) தண்ணீர் ஊற்றி, அறை வெப்பத்தில், ஓர் அட்டையை மட்டும் படம் மேலே தெரியும்படி மிதக்க விடுங்கள். இருபது நிமிடம் ஆகலாம், மூன்று மணி நேரமும் ஆகலாம். இழுக்கக் கூடாது, அதுவாகக் கழன்று நகர வேண்டும். பின்னால் வழவழவென்று மிச்சமிருக்கும் பசையை ஈர விரல் நுனியால் மெல்ல நகர்த்துங்கள். பிறகு இரண்டு உறிஞ்சுதாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்கள். முதல் நாள் இரண்டு முறை தாளை மாற்றுங்கள். நான்கைந்து நாள் பொறுங்கள். முடி உலர்த்தியை எடுத்தீர்கள் என்றால் அட்டை அப்பளமாகச் சுருண்டுவிடும்.

கத்தியால் கெடுத்த அட்டையில்தான் ஒத்திகை. ஆல்பத்தில் தங்கிய தோலும் தனியே கழன்று வரும். வந்தால் அதைத் திரும்ப ஒட்டப் பார்க்காதீர்கள்.

நேர்ஓரம்:

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நூறு வருஷத்துப் பொருளைத் தண்ணீரில் போடுவது மாற்றம் செய்வதுதான். இன்று தண்ணீர், நாளை வெளுப்பான், மறுநாள் கத்தரிக்கோல். உலகிலேயே புகழ்பெற்ற ஹோனஸ் வாக்னர் அட்டை என்ன ஆயிற்று? 1991இல் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி 4,51,000 டாலருக்குக் கூட்டாக வாங்கினார். அட்டைகளுக்குத் தரச்சான்று கொடுக்கும் பிஎஸ்ஏ நிறுவனம் பத்துக்கு 8 மதிப்பெண் கொடுத்தது. அதன் ஓரங்களை வெட்டிக் கூர்மையாக்கினேன் என்று முன்பு அதை விற்ற ஏலதாரர் பில் மாஸ்ட்ரோ 2013இல் ஒப்புக்கொண்டார். ஆல்பம் ஆல்பமாகவே இருக்கட்டுமே. ஒரு பையனின் கைவேலை அது.

ஜெர்சி அட்டைக்காரர்:

நேர்ஓரம் அண்ணா, வெட்டுவதையும் ஊறவைப்பதையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். வெட்டினால் அட்டையிலிருந்து ஒன்று போகிறது. ஊறவைத்தால் பின்னாளில் சேர்ந்த பசைதான் போகிறது. டி206 சேகரிப்பவர்கள் தலைமுறைகளாகச் செய்கிறார்கள். தரச்சான்று பெற்ற அட்டைகளில் எத்தனை ஒரு காலத்தில் ஆல்பத்தில் இருந்தவை என்று எண்ணினால் தலை சுற்றும். ஒன்றில் உங்கள் பக்கம் நிற்கிறேன்: விற்கும்போது ஊறவைத்துப் பிரித்தது என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

தம்பி, விலை பார்க்கும்போது ஈபேயில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். விற்று முடிந்தவற்றை மட்டும் பாருங்கள். கேட்பவன் நிலவைக்கூடக் கேட்பான். காப், மாத்யூசன் இரண்டையும் தரச்சான்றுக்கு அனுப்புங்கள். சாதாரண அட்டைகளை அனுப்பினால் கட்டணமும் தபால் காப்பீடும் சேர்ந்து பாதி விலையைத் தின்றுவிடும்.

கணக்குப்பிள்ளை:

ஒரு வரி. சேகரிப்புப் பொருளை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால் வரும் ஆதாயத்துக்கு மத்திய வரி 28% வரை போகலாம். ஆனால் பாட்டிக்கு இது கணவர் வழியாக வாரிசுரிமையில் வந்ததென்றால், பொதுவாகக் கணவர் காலமான நாளில் இருந்த மதிப்பே அடக்கவிலை. பாட்டியே விற்கட்டும், உங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டு சிக்கலை வளர்க்காதீர்கள்.

ராச்செஸ்டர்வாசி:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

பாட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெட்டச் சம்மதித்தார், ஊதா எழுத்துத் துண்டுகள் மட்டும் தனக்கு வேண்டும் என்றார். கத்திபட்ட அட்டையை முதலில் மிதக்கவிட்டேன். பத்து நிமிடத்தில் தண்ணீர் தேநீர் நிறமானது. பழைய தாளின் அழுக்கு. நாற்பதாவது நிமிடம் அட்டையின் ஒரு மூலை தானாக விலகியது. தொட்டால் அடியில் கஞ்சி வடித்த நீர் மாதிரி வழுக்கியது. ஆல்பத்தில் தங்கியிருந்த தோல் வெங்காயச் சருகாகக் கழன்று வந்தது. அதில் நீல எழுத்தில் பீட்மாண்டின் கடைசிப் பாதி. அட்டையில் முதல் பாதி.

இதுவரை பத்தொன்பது பிரித்திருக்கிறேன். பன்னிரண்டு பீட்மாண்ட், ஆறு ஸ்வீட் கேபரல். ஒன்று மட்டும் கருநீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து: போலார் பேர். அதில் பழுப்புக் கறை இருக்கிறது, தேய்த்தும் போகவில்லை.

ஜெர்சி அட்டைக்காரர்:

தேய்க்காதீர்கள்! போலார் பேர் சிகரெட் அன்று, மெல்லும் புகையிலை. அட்டை உதிரிப் புகையிலைக்குள்ளேயே கிடந்தது. அந்தக் கறை பிறவிக் கறை. பெரிய அபூர்வம் இல்லை, ஆனால் பீட்மாண்டைவிட எனக்குப் பிடிக்கும். காப் என்ன ஆனார்?

ராச்செஸ்டர்வாசி:

அவரைக் கடைசிக்கு வைத்திருந்தேன். நேற்றுதான் அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். இடது மூலையின் மேல் மஞ்சளாகிப்போன ஒட்டுநாடா, தாளோடு சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். 1910இல் ஏது ஒட்டுநாடா? பின்னாளில் யாரோ பத்திரப்படுத்தியிருக்கிறார்கள் போல. ஓரத்தை நகத்தால் லேசாகத் தூக்கிப் பார்க்கலாமா?

கோந்துப்பாட்டில்:

கையை எடுங்கள். அது தண்ணீருக்கு அசையாது. நகத்துக்கு அசைந்தால் சிவப்பு மையையும் சேர்த்துத் தூக்கும். அந்தப் பக்கத்தை அப்படியே வைத்துவிட்டு, காகிதப் பாதுகாப்பு வல்லுநர் ஒருவரைத் தேடுங்கள். இருபுறமும் படம் எடுத்து இங்கே போடுங்கள்.

ஜெர்சி அட்டைக்காரர்:

பக்கத்தின் பின்புறத்திலிருந்து டார்ச் அடித்தும் ஒரு படம். எழுத்து ஏதாவது நிழலாகத் தெரிகிறதா பார்ப்போம். நான் விழித்திருக்கிறேன்.