சமநிலைப் புள்ளியா, ஈட்டுப்புள்ளியா?

வணக்கம்.

அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்க்கும் வினைக்கு ‘நடுநிலையாக்கல்’ என்ற சொல் வேரூன்றிவிட்டது. அதில் கைவைக்க வேண்டியதில்லை என்றே கருதுகிறேன். தரம்பார்த்தலில் (titration), அதாவது ஒரு கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்த்து மற்றொன்றின் அளவைக் காணும் சோதனையில், எடுத்துக்கொண்ட அமிலம் முழுவதற்கும் சரியாகப் போதுமான காரம் சேர்ந்துவிட்ட அந்தக் கட்டத்துக்கு (equivalence point) நாம் ‘சமநிலைப் புள்ளி’, ‘நடுநிலைப் புள்ளி’, ‘முடிவுப் புள்ளி’ என்று மூன்று பெயர்களை மாற்றி மாற்றி எழுதுவதுதான் எனக்கு உறுத்துகிறது.

இந்தக் குழப்பம் இவ்வளவு நாள் வெளியே தெரியாததற்குக் காரணம், பள்ளியில் நாம் முதலில் செய்வது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் சோடியம் ஹைட்ராக்சைடையும் கொண்ட சோதனை என்பதுதான். 0.1 மோலார் அமிலத்தில் 20 மி.லி. கூம்புக் குடுவையில் எடுத்து, நிறங்காட்டியாக இரண்டு சொட்டு பினாப்தலீன் விட்டு, அதே செறிவுள்ள காரத்தைப் பியூரெட்டிலிருந்து சேர்த்துக்கொண்டே வந்தால், காரம் விழும் இடத்தில் இளஞ்சிவப்பு தோன்றிக் குடுவையைச் சுழற்றியதும் மறையும். ஒரு கட்டத்தில் ஒரே சொட்டில் மறையாமல் நின்றுவிடும். ஒரு சொட்டு 0.05 மி.லி. என்று கொண்டு கணக்கிட்டால், காரம் ஒரு சொட்டு குறைவாக இருக்கும்போது பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்) ஏறத்தாழ 3.9, ஒரு சொட்டு மிகும்போது 10.1. நிறம் மாறும் இடம், அளவுகள் பொருந்தும் இடம், பி.எச். 7 ஆகும் இடம் ஆகிய மூன்றும் அந்த இரண்டு சொட்டுக்குள் அடங்கிவிடுவதால் எந்தப் பெயரை எழுதினாலும் விடை தவறுவதில்லை.

ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் இடத்தில் அசிட்டிக் அமிலத்தை வைத்துப் பாருங்கள். அளவுகள் பொருந்தும் இடத்தில் பி.எச். 8.7 என்று காரப் பக்கம் நிற்கிறது. அதை ‘நடுநிலைப் புள்ளி’ என்பது பிழை. பினாப்தலீனுக்குப் பதிலாக மெத்தில் ஆரஞ்சை விட்டுவிட்டாலோ, தேவையான 20 மி.லி. காரத்தில் மூன்றில் ஒரு பங்குகூடச் சேராத நிலையிலேயே, அதாவது பி.எச். 4.4ஐ எட்டும்போதே, நிறம் முழுவதும் மாறி முடிந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் முடிவு வேறு, வேதியியல் முடிவு வேறு என்பது அங்கே பளிச்சென்று தெரியும். ஆகவே ‘முடிவுப் புள்ளி’ நிறமாற்றத்துக்கு மட்டுமே உரியதாக இருக்கட்டும்.

‘சமநிலைப் புள்ளி’யை நான் ஏற்காததற்குக் காரணம் வேறு. வேதிச்சமநிலை, அயனிச் சமநிலை என்று முன்வினையும் பின்வினையும் ஒரே வேகத்தில் நடக்கும் நிலைக்கு அந்தச் சொல் ஏற்கெனவே உரிமையாகிவிட்டது. அயனிச் சமநிலையைப் படிக்கும் அதே மாணவர் தரம்பார்த்தல் வளைவைப் பார்க்கும்போது, அங்கே மட்டும்தான் சமநிலை ஏற்படுகிறது என்று எண்ணிவிடுகிறார்.

இலங்கை வழக்கான ‘சமவலுப் புள்ளி’ நுட்பமான ஆக்கம். பங்கீட்டு வலுப் பிணைப்பு என்பதில் உள்ள, அணுவின் பிணையும் திறனைக் குறிக்கும் அதே ‘வலு’தான் இதிலும் இருக்கிறது. ஆனால் அதை இணைதிறன் என்றே சொல்லிப் பழகிய தமிழகத்து மாணவருக்கு வலு என்றால் வலிமைதான். ‘வலிமை மிகு அமிலம்’, ‘வலிமை குறைந்த அமிலம்’ என்று அந்தப் பாடத்திலேயே படித்துக்கொண்டிருப்பவர், இருவலிமையும் சமமாகும் புள்ளி என்று பொருள்கொள்ள இடமிருக்கிறது.

எனவே ‘ஈட்டுப்புள்ளி’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். வலிமை மிகு அமிலமும் வலிமை மிகு காரமும் சேரும்போது உண்மையில் நடப்பது ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் கூடி நீராவதே. சோடியமும் குளோரைடும் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. நீர்த்த கரைசல்களில் எந்த இணையை எடுத்தாலும் ஒரு மோல் நீருக்கு ஏறத்தாழ 57.3 கிலோஜூல் வெப்பம் வெளிப்படுவது அதனால்தான். ஒன்றுக்கு ஒன்று ஈடாகிக் கணக்குத் தீரும் இந்த நிகழ்வை ‘ஈடு’ நேரே சொல்கிறது, பி.எச். எவ்வளவு, நிறம் என்ன என்று எதையும் முன்கூட்டிச் சொல்லிவிடுவதும் இல்லை.

அடமானம் என்ற பொருளும் ‘ஈடு’க்கு உண்டு என்ற தடை எழலாம், ‘புள்ளி’யோடு சேரும்போது அந்தப் பொருள் வர வழியில்லை. வீடு வீட்டுப்பாடம் ஆவதுபோல் ஈடு ஈட்டுப்புள்ளி ஆவதால் புணர்ச்சியிலும் சிக்கல் இல்லை. ‘ஈட்டுப்புள்ளிக் கனஅளவு’, ‘முதல் ஈட்டுப்புள்ளி’, ‘இரண்டாம் ஈட்டுப்புள்ளி’ என்று ஆக்சாலிக் அமிலம் போன்ற இருகாரத்துவ அமிலங்களுக்கும் (இரண்டு ஹைட்ரஜன் அயனிகளைத் தருபவை) எழுதிப் பார்த்தேன், எங்கும் இடறவில்லை.