லீவில் கணக்கு மறக்காமல் இருக்க என்ன செய்கிறீர்கள்?

மதுரையிலிருந்து ஓர் அம்மா:

என் மகன் ஐந்தாம் வகுப்புக்குப் போகிறான். தமிழ் வாசிப்பில் எனக்குக் கவலை இல்லை, பஜ்ஜி மடித்து வந்த தாளைக்கூட விடமாட்டான். லீவில் கரைந்துபோவது கணக்குதான். முழுப்பரீட்சையில் கடன் வாங்கிக் கழித்தலைச் சரியாகப் போட்டவன் மே மாத நடுவில் விரலை எண்ணுகிறான். இவன் மட்டும் இப்படியில்லை போல. அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பரும் அவருடைய குழுவினரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 1996இல் எழுதியதும் இதுதான்: கோடை விடுமுறையில் பிள்ளைகள் சராசரியாக ஒரு மாதப் படிப்பளவு பின்தங்குகிறார்கள், அதிலும் கணக்குப் போடுவதிலும் ஸ்பெல்லிங்கிலும்தான் அடி அதிகம். அங்கே லீவு நம்மைவிட நீளம், அதையும் சொல்லிவிட வேண்டும்.

பள்ளியில் கொடுக்கும் ஹாலிடே ஹோம்வொர்க்கில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. தெர்மோகோல் மாடலை யார் வெட்டி ஒட்டுகிறார்கள் என்பது எல்லா அம்மாக்களுக்கும் தெரியும்.

எங்களுக்குக் கைகொடுத்தது கரண்ட் மீட்டர். காலையில் பல் தேய்த்ததும் ரீடிங்கைக் குறித்து, முந்தைய நாள் எண்ணைக் கழிக்க வேண்டும், அது அவன் டூட்டி. வெள்ளை அட்டையில் இரண்டு மாத ரீடிங் ஏறும் நாள்தான் பெரிய கணக்கு. 8304இல் 7867 போனால் எத்தனை? நடுவில் ஒரு பூஜ்யம் உட்கார்ந்திருக்கிறதே, அங்கேதான் திணறுவான். 437 என்று வந்ததும், முதல் 100 யூனிட் இலவசம், மீதிக்குப் படிப்படியாக வேறு வேறு ரேட் என்று உடைத்துப் பெருக்க வேண்டும். 500ஐத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறும் என்று தெரிந்த பிறகு ஏ.சி. ரிமோட்டை ஒளித்து வைக்கிறான். அவன் அப்பாவுக்குத்தான் கஷ்டம்.

விழுப்புரம் பக்கம், அரசுப் பள்ளி ஆசிரியர்:

மேடம், எங்கள் பிள்ளைகள் கதை வேறு, வாசிப்பே வழுக்குகிறது. கொரோனாவுக்குப் பிறகு இல்லம் தேடிக் கல்வி 2021 அக்டோபரில் எங்கள் மாவட்டத்து முதலியார்குப்பத்தில்தான் தொடங்கியது. மறு ஆண்டு ஜூன் தொடக்கத்தில் ரீடிங் மாரத்தான் நடத்தினார்கள். ரீட் அலாங் என்ற கூகுள் செயலியில் பிள்ளை சத்தமாகப் படித்தால் அது கேட்டுத் திருத்தும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் போன் அப்பா சட்டைப் பையில் வேலைக்குப் போய்விடும், இரவு வரும்போது பிள்ளை தூங்கியிருக்கும்.

நான் செய்வது சின்ன வேலை. கடைசி வேலைநாளில் வகுப்பு நூலகக் கதைப் புத்தகங்களை ஆளுக்கு இரண்டு கொடுத்து அனுப்பிவிடுவேன். சில கிழிந்து வரும், வரட்டும். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி என் முன்னால் வாயே திறக்கமாட்டாள். லீவில் ஒரு நாள் அந்தத் தெருவழியாகப் போனபோது திண்ணையில் ஆயாவுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். ஆயாவுக்கு எழுத்து தெரியாது. கஷ்டமான வரியை இவள் தாவிவிட்டுப் போக, "நேத்து நரி கிணத்துல விழுந்துச்சுன்னியே, இன்னைக்கு எங்க காணோம்?" என்று ஆயா பிடித்துவிட்டார். அவள் திரும்பிப் போய் அந்த வரியைப் படித்தாள். தப்புக் கண்டுபிடிக்கிற ஆள் டீச்சராக இல்லாததுதான் விஷயம் என்பது என் எண்ணம்.

தூத்துக்குடி, ஓய்வு பெற்ற ஒரு தாத்தா:

தாயம் ஆடுங்கம்மா. பேத்தி பெங்களூரிலிருந்து வந்தால் நாங்கள் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டுவிடுவோம். 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம். என் காயை வெட்ட அவளுக்கு 11 கட்டம் வேண்டும் என்றால் ஆறும் ஐந்தும் விழ வேண்டும். எந்தக் காய்க்கு எதை வைப்பது என்று மனக்கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். கூட்டல் தாள் கொடுத்தால் அழுகிறவள் இதில் என்னையே ஏமாற்றப் பார்க்கிறாள். பல்லாங்குழியும் உண்டு: 14 குழி, குழிக்கு ஐந்து முத்து, எழுபது. எண்ணாமலே சொல்லுவாள்.

சேலத்திலிருந்து ஓர் அப்பா:

வருஷம் முழுக்கப் படிக்கிறார்கள். ஒரு மாதம் கிணற்றில் குதிக்கட்டுமே சார்.

மதுரை அம்மா:

சேலம் சார், குதிக்கட்டும். மீட்டர் பார்க்கக் கால் மணி நேரம்கூட ஆகாது. ஆனால் அந்தக் கால் மணி நேரத்தை நான் விடுவதாக இல்லை, ஜூனில் வகுப்பில் முழிப்பது என் பிள்ளை. தாத்தா, தாயம் நல்ல யோசனை. பித்தளைக் கட்டை எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது, நாளைக்கு இறக்குகிறேன். ஆசிரியர் சாருக்கு ஒரு தகவல்: 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, மதுரை வந்தால் பாருங்கள். அப்புறம் ஒரு கேள்வி. பின்னத்துக்கு வீட்டில் யாராவது வழி வைத்திருக்கிறீர்களா? தோசையை நாலாக வெட்டிக் காட்டினேன், அவன் நாலையும் தின்றுவிட்டான்.