மறு: ‘இடைத்தரகர் சிறுபான்மை’யா, ‘இடைப்படு சிறுபான்மை’யா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். மேலே முதலும் அதிகாரமும் உடையோருக்கும் கீழே உள்ள பெருந்திரளுக்கும் நடுவில் சிறு வணிகம் செய்து வாழும், வெளியிலிருந்து வந்த இனக்குழுவைக் குறிக்கும் ‘மிடில்மேன் மைனாரிட்டி’ என்ற ஆங்கிலத் தொடருக்கு ‘இடைத்தரகர் சிறுபான்மை’ என்று எழுதலாம் எனச் சென்ற வாரம் ஒருவர் முன்மொழிய, மூவர் வழிமொழிந்திருக்கிறார்கள். நான் மறுத்து எழுதுகிறேன். அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஜப்பானியரும் கொரியரும் சமூகப் பொருளாதார நிலையில் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதை ஒப்பிடும் பாட இயல் ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இத்தொடர் அதில் பக்கத்துக்கு இரண்டு முறையாவது வருகிறது. ‘இடைத்தரகர்’ என்றே போட்டு எழுதத் தொடங்கினேன். மூன்றாம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை.

தரகர் என்றதும் நம் மனத்தில் வந்து நிற்பவர் வீட்டுத் தரகர், மாட்டுத் தரகர், கல்யாணத் தரகர் ஆகியோரே. அவர் கைமாற்றிவிடும் பொருள் அவருடையது அன்று. இரு தரப்பும் பேசி முடித்தபின் தரகை வாங்கிக்கொண்டு விலகிவிடுவார், பிறகு வரும் நட்டம் அவரைத் தொடாது. 1980-களில் தெற்கு லாஸ் ஏஞ்சலிஸில் மளிகைக் கடையோ மதுக்கடையோ வைத்திருந்த கொரியர் அப்படிப்பட்டவர் அல்லர். அவர் சொந்த முதலைப் போட்டவர். கணவன், மனைவி, பள்ளி விட்டு வரும் பிள்ளை என்று குடும்பமே மாறி மாறிக் கல்லாவில் உட்கார்ந்து, விடிந்தது முதல் நள்ளிரவு வரை கடையைத் திறந்து வைத்திருந்தவர். கடை எரிந்தால் சேமிப்பு முழுவதும் எரியும் நிலையில் இருந்தவர். அது போக, ‘இடைத்தரகர்களை நம்பி ஏமாற வேண்டாம்’ என்று அரசு அலுவலகச் சுவர்களில் எழுதிவைத்திருக்கும் ஊரில், அச்சொல்லைக் கலைச்சொல்லாக்கினால் மாணவர் வரையறையைப் படிக்கும் முன்பே தீர்ப்பை எழுதிவிடுவார்.

இக்கருத்தை 1973-இல் ஒரு கோட்பாடாக விரித்து எழுதியவர் சமூகவியலாளர் எட்னா போனசிச். மேலே முதலும் அதிகாரமும் உடையோர், கீழே உழைத்தும் வாங்கியும் வாழும் பெருந்திரள், இரண்டுக்கும் நடுவில் வெளியிலிருந்து வந்த ஓர் இனக்குழு சிறு வணிகத்தில் குவிந்து கிடப்பது ஏன் என்பது அவருடைய கேள்வி. ‘கொஞ்ச காலம் சம்பாதித்துவிட்டு ஊர் திரும்பிவிடுவோம்’ என்று வருபவர்கள் எளிதில் காசாக்கக்கூடிய தொழிலையே நாடுவார்கள், சொந்தபந்தத்தின் உழைப்பை நம்பி மலிவாக நடத்துவார்கள், அதனாலேயே சுற்றியிருப்பவர்களின் பகையையும் தேடிக்கொள்வார்கள் என்பது அவர் தந்த விடையின் முக்கியமான பகுதி. கவனித்தீர்களானால், இதில் தரகு எங்கும் இல்லை. நடுவில் இருக்கும் இடம்தான் இருக்கிறது. என் வாதமும் இவ்வளவுதான்: சொல் அந்த இடத்தைக் குறிக்க வேண்டும், அங்கே உட்கார்ந்திருப்பவரின் தொழிலையோ குணத்தையோ குறிக்கக் கூடாது. ஜப்பானிய, கொரிய ஒப்பீடு இதை ஏன் கட்டாயமாக்குகிறது என்று சொல்கிறேன்.

ஜப்பானியர் முதலில் ஹவாயின் கரும்புத் தோட்டங்களுக்கும் பிறகு கலிபோர்னியாவின் வயல்களுக்கும் கூலிகளாகப் போனவர்கள். ஹிரோஷிமா, யமகுச்சி போன்ற மாவட்டங்களின் உழவுக் குடும்பங்களிலிருந்து போனவர்கள் அவர்களில் மிகுதி. 1907–08-இல் இரு அரசுகளுக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாடு தொழிலாளர் வரவை நிறுத்தியது. 1913-இல் கலிபோர்னியா இயற்றிய அயலார் நிலச் சட்டம், குடியுரிமை பெறத் தகுதியற்ற அயலார் நிலம் வாங்குவதைத் தடுத்தது. யார் தகுதியற்றவர் என்ற ஐயத்தை 1922-இல், ஓசாவா என்ற ஜப்பானியர் குடியுரிமை கேட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் ஜப்பானியருக்கு எதிராகத் தீர்த்து வைத்தது. ஆகவே முதல் தலைமுறையான இஸ்ஸெய்கள் குத்தகைக்கோ, அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளின் பெயரிலோ நிலத்தைப் பிடித்துக் காய்கறியும் பழமும் பயிரிட்டார்கள். விளைந்ததை ஏற்றி அனுப்பியது ஜப்பானியர், லாஸ் ஏஞ்சலிஸ் மொத்தச் சந்தையில் வாங்கியது ஜப்பானியர், தெருமுனைப் பழக்கடையில் விற்றதும் ஜப்பானியர். இரண்டாம் தலைமுறையான நிஸெய் பட்டம் பெற்று வந்த பிறகும், வெள்ளையர் நிறுவனங்கள் வேலை தராததால், அதே பழக்கடையில் ஆப்பிளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். அவரைத் தரகர் என்பதா?

பிறகு 1942 வந்தது, ஜப்பானோடு போர் மூண்டிருந்தது. பிப்ரவரி 19-ஆம் நாளிட்ட 9066-ஆம் எண் அதிபர் ஆணையின் வழியாக ஜப்பானிய வம்சாவளியினர் ஏறக்குறைய 1,20,000 பேர் தடுப்பு முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பிறப்பால் அமெரிக்கக் குடிமக்கள். கையில் தூக்க முடிந்ததை மட்டும் கொண்டுவரலாம் என்பது விதி. குத்தகை, சரக்கு, குளிர்பதனப் பெட்டி, பியானோ எல்லாம் வந்த விலைக்குப் போயின. 1948-இல் இழப்பீட்டுச் சட்டம் ஒன்று வந்து, கோரப்பட்ட சுமார் 14.8 கோடி டாலரில் 3.7 கோடி டாலர் மட்டும் கிடைத்தது. போருக்குப் பிறகு இஸ்ஸெய்களுக்குப் பழைய மொத்தச் சந்தை மீளவில்லை. பலர் பிறர் வீட்டுத் தோட்டங்களைப் பராமரித்துப் பிழைத்தார்கள். பிள்ளைகளோ, வேலைவாய்ப்பின் கதவு மெல்லத் திறந்தபோது, பொறியியல், ஆசிரியப் பணி, அரசுப் பணி என்று போய்விட்டார்கள். 1966-இல் வில்லியம் பீட்டர்சன் என்ற சமூகவியலாளர் இவர்களை வெற்றிக் கதையாக எழுதினார். ‘முன்மாதிரிச் சிறுபான்மை’ என்று நாம் இப்போது தமிழில் எழுதும் பேச்சு அந்தக் கட்டுரையை ஒட்டிக் கிளம்பியதுதான். அந்தச் சொல்லையும் ஒருநாள் இங்கே கொண்டுவந்து உரித்துப் பார்க்க வேண்டும்.

கொரியரின் வரலாறும் ஹவாய்த் தோட்டத்தில்தான் தொடங்குகிறது: 1903 ஜனவரியில் கேலிக் என்ற கப்பல் நூற்றுச் சொச்சம் பேரை ஹொனலூலுவில் இறக்கியது. 1905-க்குள் ஏழாயிரம் பேர் அளவில் வந்தார்கள். கொரியா ஜப்பானின் பிடிக்குள் போனதும் அந்த வரவு நின்றது. இன்றைய கொரியச் சமூகம் பெரும்பாலும் 1965-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்துக்குப் பிறகு உருவானது. 1970 மக்கள்தொகைக் கணக்கில் எழுபதாயிரம் அளவில் இருந்தவர்கள் 1990-இல் எட்டு லட்சம் ஆனார்கள். இவர்கள் உழவுக் கூலிகள் அல்லர்; சியோல் போன்ற நகரங்களில் கல்லூரி முடித்தவர்கள் ஏராளம். ஆங்கிலம் தடுக்கியது, ஊர்ப் பட்டத்துக்கு மதிப்பில்லை, தொழில் உரிமம் கிடைக்கவில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்தவர் கடைக்கு வந்தார். 1960-களின் பிற்பகுதியில் கொரியா பொய்முடியை ஏற்றுமதி செய்து குவித்துக்கொண்டிருந்தது, அதைக் கறுப்பினக் குடியிருப்புகளில் விற்கும் கடைகள் இவர்கள் கைக்கு வந்தன. 1965-இல் லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில் கலவரம் நடந்தபின் பழைய யூத வணிகர்கள் விட்டுப்போன கடைகளும் வந்தன. நியூயார்க்கில் காய்கறிக் கடை, பல நகரங்களில் சலவைக் கடை. சுயதொழில் செய்வோர் விகிதத்தில் கொரியக் குடிவரவாளர் அமெரிக்காவின் இனக்குழுக்களுள் முன்வரிசையில் நின்றது இப்படித்தான்.

நடுவில் இருப்பதன் விலை 1992 ஏப்ரல் 29-இல் தெரிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, ஒரு பழரசப் புட்டியை ஒட்டி எழுந்த சச்சரவில் 15 வயதுக் கறுப்பினச் சிறுமியைக் கொரியக் கடைக்காரர் ஒருவர் சுட்டுக் கொன்றிருந்தார். நீதிமன்றம் அவருக்குச் சிறைத் தண்டனை விதிக்காமல் நன்னடத்தைக் கண்காணிப்போடு விட்டிருந்தது. ரோட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த காவலர்கள் விடுவிக்கப்பட்டதும் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் எரிந்தபோது, காவல்துறை வசதியானவர்களின் பகுதிகளைக் காத்து நிற்க, 2,000-க்கும் மேற்பட்ட கொரியர் கடைகள் சூறையாடப்பட்டன அல்லது எரிக்கப்பட்டன. கொரியர் அந்த நாளை ‘சா-இ-கு’, அதாவது நான்கு-இரண்டு-ஒன்பது, என்று தேதியாலேயே அழைக்கிறார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று நம் ஊரில் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான காட்சி எனக்குத் தெரியவில்லை. கீழிருந்தவர் கண்ணில் இவர்கள் சுரண்டுபவர்கள். மேலிருந்தவர் கணக்கில் இவர்கள் காக்கப்பட வேண்டியவர்கள் அல்லர்.

இப்போது ஒப்பீட்டுக்கு வருகிறேன். 2019-ஆம் ஆண்டு நிலவரப்படி ஜப்பானிய அமெரிக்கக் குடும்பங்களின் இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும்) ஆண்டு வருமானம் சுமார் 83,000 டாலர், கொரியருடையது சுமார் 72,000 டாலர். இதை மட்டும் வைத்து ‘ஜப்பானியரின் பண்பாடு உயர்ந்தது’ என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். ஜப்பானியரில் ஏறத்தாழக் கால்பங்கினர் மட்டுமே வெளிநாட்டில் பிறந்தவர்கள், கொரியரில் பாதிக்கும் மேற்பட்டோர் அப்படிப்பட்டவர்கள். அதாவது நாம் ஒரு வீட்டின் பேரனையும் இன்னொரு வீட்டின் தாத்தாவையும் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்க்கிறோம். இஸ்ஸெய்யைக் கொரியக் கடைக்காரரோடும், நிஸெய்யை அவர் பிள்ளைகளோடும் வைத்துப் பார்த்தால் ஒற்றுமைதான் துருத்திக்கொண்டு நிற்கிறது: நாடும் கல்வியும் காலமும் வேறான இரு கூட்டத்தார் அதே இடத்தில் உட்கார்ந்தார்கள், இரண்டு கூட்டத்தின் பிள்ளைகளும் வேறு வழி கிடைத்ததும் பெரும்பாலும் எழுந்து போய்விட்டார்கள். சிறு வயதில் வந்து அமெரிக்காவில் படித்தவர்களைக் கொரியர்கள் ஒன்று புள்ளி ஐந்தாம் தலைமுறை என்கிறார்கள். தமிழில் ‘ஒன்றரைத் தலைமுறை’ என்று சொல்லிப் பாருங்கள், அவர்கள் சொல்வதைவிட நன்றாக இருக்கிறது. அந்த ஒன்றரையர் பலரும் அப்பாவின் கடையை ஏற்கவில்லை, ஏற்க வேண்டும் என்று அப்பாவும் விரும்பவில்லை. பிறவிக் குணமாக இருந்தால் ஒரு தலைமுறையில் எப்படிக் கழன்று போகும்?

ஆகவே மாற்றுச் சொற்களைப் பார்ப்போம். ‘இடைநிலைச் சிறுபான்மை’ என்றால் இடைநிலை ஆசிரியரும் இடைநிலைச் சாதிகளும் நினைவுக்கு வருவார்கள். போதாததற்கு மேலே நானே இடைநிலை வருமானம் என்று வேறு பொருளில் எழுதியிருக்கிறேன். ‘நடுநிலை’ ஆகவே ஆகாது, அது பக்கம் சாயாமை. ‘இடையர்’ என்று சுருக்கினால் ஆட்டு மந்தை வந்துவிடும். ‘வணிகச் சிறுபான்மை’ தொழிலைச் சொல்கிறது, இடத்தைச் சொல்லவில்லை. நான் முன்வைப்பது ‘இடைப்படு சிறுபான்மை’. இடைப்படுதல் என்றால் நடுவில் அமைதல், நடுவில் வந்து மாட்டுதல், இரண்டும்தான். வினைத்தொகை என்பதால் முன்பு இடைப்பட்ட ஜப்பானியரையும், அண்மையில் இடைப்பட்ட கொரியரையும், இனி இடைப்படப்போகிறவர்களையும் ஒரே சொல் தாங்கும். வல்லினமும் மிகாது, ‘இடைப்படுச் சிறுபான்மை’ என்று யாரும் திருத்திவிட வேண்டாம்.

நம்மவரிலும் பொருத்திப் பார்த்தேன். பர்மாவில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் ஆங்கிலேய வங்கிகளில் கடன் வாங்கி, பர்மிய உழவர்களுக்குக் கடன் கொடுத்தார்கள். கிட்டங்கியில், அதாவது அவர்களின் கடன் கடையில், பணப்பெட்டியோடு உட்கார்ந்த முகவர் மூன்றாண்டுத் தவணை முடிந்தால் ஊர் திரும்புபவர். 1930-களின் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்து கடன் திரும்பாமல் போக, கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் அவர்கள் வசமிருந்த நிலம் 6 விழுக்காட்டிலிருந்து 25 விழுக்காடு ஆயிற்று. விரும்பி வாங்கிய நிலம் அன்று அது. ஆனால் பகை முழுவதும் அவர்கள்மேல் வந்து விழுந்தது. ‘இடைப்படு’ இங்கே கச்சிதமாக உட்காருகிறது. ஊர் திரும்பும் எண்ணம் செட்டியாருக்குப் பொருந்தினாலும், குடும்பத்தோடு குடியேறவே வந்த கொரியருக்குப் பொருந்தாது என்பதால், ‘தற்காலிகம்’ என்ற குறிப்பைச் சொல்லுக்குள் திணிக்காமல் விட்டதும் நல்லதே.

ஒரு தடை எனக்கே உண்டு. தமிழ்நாட்டில் ‘சிறுபான்மை’ என்றதும் மதச் சிறுபான்மைதான் முதலில் தோன்றுகிறது. கொரியர் தேவாலயங்களைப் பற்றிப் படிக்கும் மாணவர் குழம்பக்கூடும். இலங்கை வாசகருக்கு அச்சொல் இனத்தையே குறிக்கும். சொல் முதன்முறை வரும் இடத்தில் மட்டும் ‘இடைப்படு இனச் சிறுபான்மை’ என்று விரித்து எழுதிவிட்டுப் பிறகு சுருக்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். இலங்கை, மலேசிய நண்பர்கள் இதைப் பற்றிச் சொன்னால் உதவியாக இருக்கும்.

இதே இயலில் இன்னொன்று. ஜப்பானியரின் ‘தனோமோஷி’யும் கொரியரின் ‘க்யே’யும் வங்கி கடன் தராத இடத்தில் கடைக்கு முன்பணம் புரட்டப் பயன்பட்டவை. இவற்றுக்குப் பொதுப்பெயராக ‘சுழற்சிக் கடன் சங்கம்’ என்று ஒரு சொல்லாக்கம் முந்தைய மடலில் கண்டேன். எங்கள் தெருவில் அம்மா நடத்தியது இருபது பேர், மாதம் ஆயிரம் ரூபாய்; முதல் மாதம் எடுத்தவருக்கு அது கடன், கடைசி மாதம் எடுத்தவருக்கு அது சேமிப்பு, சங்கம் என்று யாரும் அதைச் சொன்னதில்லை. ஆகவே அவ்விடத்தில் ‘சீட்டு’ என்றே எழுதிவிட்டேன். அதை மட்டும் யாரும் திருத்தாமல் இருக்க வேண்டுகிறேன்.

அன்புடன்.