நீருக்கடியில் படமெடுக்க எந்த கேமரா வாங்கலாம்?

அனைவருக்கும் வணக்கம். இதுவரை ஸ்நார்க்கெலிங் (மூச்சுக்குழாயுடன் நீர்ப்பரப்பில் நீந்துவது) மட்டும்தான் செய்துவந்தேன். இப்போது ஸ்கூபா (காற்று உருளையுடன் ஆழத்தில் நீந்துவது) பயிற்சியின் முதல் கட்டத்தை முடித்திருக்கிறேன். 18 மீட்டர் வரை இறங்கலாம். அதனால்தான் இந்தக் குழப்பம்.

சென்ற பயணத்தில் கைப்பேசியை நீர்புகாத பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துச் சென்றேன். தண்ணீருக்குள் தொடுதிரை என் விரலை மதிக்கவே இல்லை. ஒரு மணி நேரத்தில் கிடைத்தவை என் கட்டைவிரலின் படங்கள் பதினொன்று, ஆமையின் வால் ஒன்று.

இப்போது இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஓஎம் சிஸ்டம் டிஜி-7 உறையில்லாமலே 15 மீட்டர் தாங்கும், மிக அருகில் வைத்துச் சிற்றுயிர்களை எடுக்கலாம், ரா கோப்பும் (பிறகு நிறத்தைத் திருத்த உதவும் பதப்படுத்தாத படம்) தரும். ஆனால் எனக்கு அந்தக் கடைசி 3 மீட்டர்தான் இடிக்கிறது. தனி உறை வாங்கியே ஆகவேண்டும். கோப்ரோ உறையில்லாமல் 10 மீட்டர், உறையோடு 60 மீட்டர் தாங்கும். காணொளிக்கு அருமை, ஆனால் சின்ன மீனை நெருங்கி எடுத்தால் தெளிவு போய்விடுகிறது என்கிறார்கள்.

அனுபவமுள்ளவர்களிடம் என் கேள்வி: ஆழத்தில் சிவப்பு நிறம் முதலில் மறைந்துவிடுகிறதே, அதற்குச் சிவப்பு வடிகட்டி போதுமா, வீடியோ விளக்கும் வேண்டுமா? கேமராவிலேயே உள்ள ஃபிளாஷைப் போட்டால் மிதக்கும் துகள்கள் எல்லாம் படத்தில் வெண்பனிபோல் விழுகின்றனவாமே, உண்மையா? உறையின் ஓ-வளையத்தை (நீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) எப்படிப் பராமரிக்கிறீர்கள்? ஒரு முடி சிக்கினாலே தண்ணீர் புகும் என்று கேட்டதிலிருந்து தூக்கமில்லை.