கிரீக் லாம்பிக்: இவ்வளவு புளிப்பு சரியா?

கேள்வி:
நேத்து பிரஸ்ஸல்ஸ்ல ஒரு பார்ல முதல்முறையா கிரீக் குடிச்சேன். செர்ரி பியராச்சே, இனிக்கும்னு நினைச்சா, முதல் வாயிலேயே பல் கூசிடுச்சு. மாதுளைச் சாறு நிறம், இளஞ்சிவப்பு நுரை. மூக்குல ஈர வைக்கோலும் பழைய மரப்பெட்டியும் கலந்த வாசம். கெட்டுப்போனதா, இப்படித்தானா?

பதில் 1:
இப்படித்தாங்க, பயப்படாதீங்க. லாம்பிக் வகை பியருக்கு, கொதிச்ச மால்ட் (முளைகட்டின தானியம்) சாறை ஆழமில்லாத அகலத் தொட்டியில ராத்திரி முழுக்கத் திறந்து வைப்பாங்க. காத்துல வர்ற ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் அதுல இறங்கி அதைப் புளிக்க வைக்கும். அதுக்குக் குளிர் வேணும், அதான் கோடையில காய்ச்சுறதில்ல. அந்த வைக்கோல் வாசம் பிரெட்டனோமைசிஸ் ஈஸ்ட்டோட வேலை. செர்ரியை மரப்பீப்பாயில மாசக்கணக்கா ஊறப்போடுவாங்க. பழத்துச் சர்க்கரையை ஈஸ்ட் தின்னுடும், புளிப்பும் மணமும்தான் மிஞ்சும். சர்க்கரை சேர்த்த கிரீக்கும் கடையில இருக்கு, எனக்கு அது ஒட்டவே இல்ல. பிரஸ்ஸல்ஸ் ஆன்டர்லெக்ட் பகுதியில 1900ல தொடங்கின கான்டியோன் பியர் ஆலையை நேர்ல போய்ப் பாருங்க, அந்தத் தொட்டியையே காட்டுவாங்க.

பதில் 2:
ஐஸ் மாதிரி குடிச்சீங்களோ? கால் மணி நேரம் கிளாஸை வெளிய வைங்க. செர்ரியைக் கொட்டையோட போடுறதால லேசா பாதாம் வாசம் எழும்பும்.

கேள்வி கேட்டவர்:
இன்னைக்கு அப்படியே செஞ்சேன். பாதாம் வந்துச்சுங்க! ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி.